உப்புக்கண்டமும் ஊறுகாயும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். நான் ஊறுகாய் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரிங்க, பரவாயில்லை. வங்கியில் எழுத்தர் வேலை எனக்கு. காலையிலிருந்து சாயங்காலம்வரை சேமிப்பு, வைப்பு, நிரந்தர வைப்பு என்று மற்றவர்கள் மிச்சம் பிடித்ததையே பார்த்துக்கொண்டிருக்கிறவன். மனுஷன் முதன்முதலில் மிச்சம் பிடித்தது பணத்தை இல்லை, சோற்றைத்தான் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உறைத்த இடம் எங்கள் கிளையின் மதியச் சாப்பாட்டு மேசை.

அந்த மேசையில் நடுவாக நாலைந்து பாட்டில் இருக்கும். ஆவக்காய், நார்த்தங்காய், மாவடு, எலுமிச்சை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வம்சாவளி சொல்லுவார்கள். இது எங்க பாட்டி பக்குவம், இது எங்க கிராமத்துக் கல்லுப்பு, இது ரெண்டு வருஷத்து ஜாடி. ஜாடிக்கு வயசு ஏற ஏற மதிப்பும் ஏறும். எல்லாரும் கை நீட்டுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒருத்தர் நல்ல மனசோடுதான் கேட்டார்: "உங்க வீட்ல என்ன சார் ஸ்பெஷல்?" என் பைக்குள் ஒரு பாட்டில் இருந்தது. எங்கம்மா கட்டிக் கொடுத்தது. "ஒண்ணுமில்ல சார், கடை ஊறுகாய்தான்" என்றேன். அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

அதில் இருந்தது உப்புக்கண்டம். மாட்டுக்கறி.

இங்கே பாதிப்பேருக்கு அது தெரியும், மீதிப்பேருக்குத் தெரியாத மாதிரி இருக்கத் தெரியும். அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர். சித்திரை, வைகாசி வெயில்தான் அதற்குக் காலம். கறியைக் கொழுப்பும் சவ்வும் நீக்கி, விரல் கனத்துக்கு, நீள நீளமாக வார் பிடித்த மாதிரி அரியணும். எங்கம்மா அரிந்தால் ஒரு துண்டம் முழ நீளம் அறுபடாமல் வரும். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய் போட்டுப் பிசறி ராத்திரி முழுக்கச் சட்டியில் வைத்தால் காலையில் கறி தண்ணி விட்டிருக்கும். அந்தத் தண்ணியை ஒட்டப் பிழிந்துவிட்டு, கயிற்றில் கோர்த்து, ரெண்டு கம்பத்துக்கு நடுவில் தோரணம் மாதிரி கட்டணும். காக்கா வராமல் கறுப்புத்துணி ஒன்று தொங்கும். துணிக்குக் கீழே கையில் குச்சியோடு நான் உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கு அதுதான் உத்தியோகம். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் உள்ளே எடுக்கணும், விடிந்ததும் வெளியே கட்டணும். நாலு நாள், அஞ்சு நாள். காய்ந்ததா என்று பார்க்க எங்கம்மா ரெண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டும். கட்டையும் கட்டையும் மோதுகிற சத்தம் வந்தால் முடிந்தது. பிறகு மண்சட்டியில் அடுக்கி, வாயைத் துணியால் வேடு கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடும். அடுப்புப் புகை பூச்சியை அண்டவிடாது.

அந்தச் சட்டி இறங்குவது ஐப்பசி, கார்த்திகையில். அடைமழை, காட்டில் வேலை கிடையாது, கூலி கிடையாது. ரெண்டு துண்டு எடுத்துத் தணலில் வாட்டி, அம்மியில் நசுக்கி, கூழுக்குத் தொட்டுக்கொண்டால் அஞ்சு பேர் கும்பி நனையும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இது வைப்பு. வெயிலில் போட்டு மழையில் எடுப்பது. வட்டி கிடையாது. ஆனால் முதலுக்கு மோசமில்லை.

இது என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணி. அழுகவைக்கிற கிருமிக்கு அந்தத் தண்ணிதான் உயிர். உப்பு அந்தத் தண்ணியை வெளியே இழுக்கிறது, மிச்சத்தை வெயில் குடிக்கிறது. கிருமி வாழ இடமில்லை. ஆவக்காயிலும் இதே கதைதான்: உப்பு தண்ணியை இழுக்கிறது, மாங்காய்ப் புளிப்பு கிருமியைத் தடுக்கிறது, மேலே நிற்கிற எண்ணெய் காற்றை மறிக்கிறது. கொரியாக்காரரின் கிம்ச்சியிலும் ஜெர்மன்காரரின் புளித்த முட்டைக்கோசிலும் உப்புக்குத் தாங்குகிற ஒருவகை நுண்ணுயிர் பெருகி, புளிப்பை உண்டாக்கி, கெட்ட கிருமியை விரட்டுகிறது. முட்டைக்கோசுக்கு எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு உப்பு போதும். அடிப்படை ஒன்றுதான். தண்ணியை எடு, இல்லையென்றால் புளிக்க வை, இல்லையென்றால் காற்றை அடை.

இதில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கதை சொல்லணும். நிக்கோலா அப்பேர். மிட்டாய், பலகாரம் செய்கிறவர். உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கை இறுக்கி, கொதிக்கிற தண்ணியில் வைத்து எடுத்தால் மாசக்கணக்கில் கெடாது என்று செய்து காட்டினார். நெப்போலியன் ஆட்சி 1810இல் அவருக்கு 12,000 பிராங்கு பரிசு கொடுத்தது. இன்றைய டின் உணவுக்கெல்லாம் அவர்தான் மூலவர். ஆனால் அது ஏன் கெடவில்லை என்று அவருக்குத் தெரியாது. கிருமிதான் காரணம் என்று பாஸ்டர் விளக்கிச் சொல்ல இன்னும் அம்பது வருஷம் ஆனது. காரணம் தெரியாமல் செய்தவர் என்பதற்காக அப்பேரை யாரும் பாமரன் என்று சொல்வதில்லை. விஞ்ஞானி என்கிறார்கள். எங்கம்மாவும் காரணம் தெரியாமல்தான் செய்தது. அதற்கு வைத்திருக்கிற பேர் வேறு.

நம் மொழியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பதம். அரிசி பதம், பாகு பதம். பதப்படுத்துதல் என்று ஊறுகாய்க்கும் சொல்கிறோம், தோலுக்கும் சொல்கிறோம். பதனிடுதல். மொழிக்குத் தெரிந்திருக்கிறது, ரெண்டும் ஒரே தொழில்நுட்பம் என்று. செத்த மாட்டின் தோலை உப்பு போட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டையில் போட்டு அழுகாமல் காப்பாற்றியவர்கள்தான் அதே மாட்டின் கறியையும் உப்பு போட்டுக் காப்பாற்றினார்கள். ஒருத்தர் கையில் ரெண்டு வித்தை. தோல் செருப்பாகி, கவலைச் சாலாகி ஊருக்குள் போனது. கறியும் கையும் சேரியிலேயே நின்றுவிட்டன.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததா என்றால், இல்லை. ஜப்பானில் புராக்கு மக்கள் என்று இருக்கிறார்கள். மாடறுப்பது, தோல் பதனிடுவது இவர்கள் தொழில். அதனாலேயே தீட்டுப்பட்டவர்கள். 1871இல் அரசாணை போட்டு அவர்களுடைய இழிபெயரைச் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். நீங்கவேண்டியது நீங்கவில்லை. அதனால்தான் 1922இல் கியோத்தோவில் கூடி, சமன்செய்வோர் சங்கம் என்று பொருள்படும் சுய்ஹெய்ஷாவைத் தொடங்கினார்கள். அவர்களிடம் ஒசாகாப் பக்கம் சைபோஷி என்று ஒரு உணவு இருக்கிறது. என்ன தெரியுமா? குதிரைக் கறியையோ மாட்டுக் கறியையோ உப்பிட்டு, உலர்த்தி, புகைபோட்டு வைப்பது. இதைப் படித்த அன்றைக்கு வங்கியில் எனக்கு வேலை ஓடவில்லை. கடல் தாண்டி, ஒரு சொல்கூடப் பரிமாறிக்கொள்ளாத ரெண்டு ஜனம் ஒரே கறியை ஒரே கயிற்றில் காயப்போட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு, அபுராகசு. மாட்டுக் குடலைக் கொழுப்பு உருகி வடிகிறவரை பொரித்து வைப்பது. குடலை மற்றவர்கள் கழிவு என்று ஒதுக்கினார்கள், இவர்கள் அதைக் கெடாத பண்டமாக்கினார்கள். ஒசாகாவில் ஒரு புராக்குப் பகுதியில் பிறந்த உயெஹாரா யோஷிஹிரோ என்கிற பத்திரிகையாளர், பாகுபடுத்தப்பட்டவர்களின் சாப்பாட்டு மேசை பற்றியே 2005இல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவின் கறுப்பு மக்கள், பிரேசில், ரோமா மக்கள், நேபாளத்துத் தலித்துகள், கடைசியில் தன் சொந்த ஜனம் என்று தேடிப்போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு எழுதியது. ஒசாகாக் கடைகளில் இந்தப் பொரித்த குடலைப் போட்ட நூடுல்ஸ் சூப் இப்போது ருசிக்குப் பேர் போனது. வரிசையில் நின்று சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யார் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்று தெரியுமோ.

உப்பிட்ட மீனுக்கு வருவோம். வட அட்லாண்டிக்கில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் என்கிற மீன் கொள்ளை கொள்ளையாகக் கிடைத்தது. உப்பு போட்டுக் காயவைத்து ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். நல்ல தரம் ஐரோப்பாவுக்கு. உடைந்தது, உப்பு சரியாக ஏறாதது, வெயிலில் வெந்துபோனது, ஆகக் கடைசித் தரம் மேற்கிந்தியத் தீவுகளுக்கு. அங்கே யார்? கரும்புத் தோட்டத்து அடிமைகள். முதலாளிக்கு மலிவான சோறு. சரி, அந்த மீனுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? அட்லாண்டிக் கடலில் டர்க்ஸ் தீவு என்று ஒன்று. அங்கே உப்பளத்திலும் அடிமைகள். மேரி பிரின்ஸ் என்கிற பெண் அங்கே சுமார் பத்து வருஷம் உப்பு வாரினார். 1831இல் லண்டனில் தன் கதையைச் சொல்லிப் புத்தகமாக வந்தது. பிரிட்டனில் அச்சான, ஒரு கறுப்புப் பெண்ணின் முதல் வாழ்க்கைக் கதை அது. விடியக் காலை நாலு மணிக்கு முழங்கால் அளவு உப்புத் தண்ணியில் இறங்குவார்கள். கால் முழுக்கக் கொப்புளம் வெடித்து, சிலருக்கு எலும்புவரை புண் அரித்துப்போனதை அவர் சொல்கிறார். டர்க்ஸ் தீவு உப்பு வடக்கே மீன்பிடித் துறைகளுக்குக் கப்பலேறியது. அடிமை வாரிய உப்பு போய் மீனில் ஏறியது, அந்த மீனில் கழிசடை திரும்பி வந்து அடிமையின் தட்டில் விழுந்தது. அந்த மீனைத்தான் அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆக்கிப் பழத்தோடு வதக்கித் தின்னப் பழகினார்கள். இன்றைக்கு ஜமைக்காவின் தேசிய உணவு அது. கொடியேற்றிக் கொண்டாடுகிறார்கள்.

ஆக, ஒரு பண்டத்துக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது? ருசியிலிருந்தா? இதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி ஒரு வெள்ளைக்காரத் தளபதி. கேப்டன் குக். 1768இல் புறப்பட்ட கப்பலில் மூன்று டன்னுக்கு மேல் புளித்த முட்டைக்கோசு ஏற்றியிருந்தார்கள். நெடுங்கடல் பயணத்தில் ஈறு வீங்கி, பல் கொட்டி, ஆளைச் சாய்க்கிற ஸ்கர்வி நோய்க்கு அது மருந்தாகும் என்று ஒரு நம்பிக்கை. மாலுமிகள் தொட மாட்டேன் என்றார்கள். குக் சவுக்கை எடுக்கவில்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் அதைப் பரிமாறச் செய்தார். மாலுமிகளிடம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு அளவு வைத்துக் கொடுக்கவேண்டிய நிலை வந்துவிட்டது. மேலே இருக்கிறவன் மதிக்கிறான் என்று தெரிந்த நொடியில் அதே பண்டம் கீழே இருக்கிறவனுக்கு அமிர்தமாகிவிடுகிறது என்று அவரே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், 1769இல். சாதி பற்றி ஒரு வரி படிக்காத மனுஷர். நம்ம ஊர்ச் சாப்பாட்டு மேசையைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது. இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? கீழே இருக்கிறவன் தின்கிறான் என்று தெரிந்தால் பண்டம் நாறிவிடும். செட்டிநாட்டு உணவு விடுதியில் ஆட்டு உப்புக்கண்டம் விலைப்பட்டியலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. செய்முறை ஒன்றே. அரிவது, பிசறுவது, கோர்ப்பது எல்லாம் ஒன்றே. மிருகம் மட்டும் வேறு. கறியைப் பிசறிய கையும் வேறு.

ஊறுகாய்க்குத் தீட்டுச் சொல்கிற வீடுகளும் இருக்கின்றன. விலக்கான பெண் ஜாடியைத் தொட்டால் கெட்டுவிடுமாம். தோழர்களே, ஜாடிக்குத் தீட்டு தெரியாது, ஈரம் தெரியும். ஈரக் கரண்டி போட்டால் அர்ச்சகர் போட்டாலும் பூசணம் பூக்கும். பாட்டி பக்குவம், ஆதிகாலத்துப் பக்குவம் என்கிறார்களே, அந்தச் சிவப்புக்குக் காரணமான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. மேசையில் இதை ஒருநாள் சொன்னேன். "எல்லாத்துலயும் அரசியல் பாக்காதீங்க சார்" என்றார்கள்.

இனி கஷ்டமான இடத்துக்கு வரணும். இங்கே மூத்த தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உப்புக்கண்டத்தைப் பெருமையாகப் பேசினால் அவர்கள் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். காரணம் இருக்கிறது. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் நம் ஜனத்தைப் பார்த்து, செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று சொன்னார். எங்கள் சேரியில் அது நடந்தது 1991இல், அவருடைய நூற்றாண்டில். செத்த மாடு தூக்குவதில்லை என்று கூடி முடிவெடுத்தார்கள். முன்னால் நின்றவர்களில் எங்கப்பா ஒருத்தர். அப்போது எனக்கு மூன்று வயசு, அம்மா சொல்லித்தான் தெரியும். ஊரில் ஒரு போகம் முழுக்க எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு ராத்திரி அப்பா பரணில் ஏறிச் சட்டியை இறக்கி, வாசலில் போட்டு உடைத்தார். அம்மா கேட்டதாம்: "மாட்டத் தூக்காத, சரி. சட்டிய எதுக்கு ஒடச்ச? அடுத்த மாசம் மழ வருது. வேலையும் இல்ல. புள்ளைங்களுக்கு எதப் போடுறது?"

இந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்று பல வருஷம் எனக்குத் தெரியவில்லை. அப்பா உடைத்தது சட்டியை இல்லை. மாடு செத்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற அந்தக் குரலை உடைத்தார். கூலிக்குப் பதிலாகப் பிணத்தைக் கொடுத்து அதையே உன் உரிமை என்று சொன்ன ஏற்பாட்டை உடைத்தார். அம்பேத்கர் கேட்டதும் அதைத்தான், அது ஒரு வேலைநிறுத்தம். கறியைப் பற்றிய முடிவான தீர்ப்பாக அதை நான் படிக்கவில்லை. 1948இல் தீண்டப்படாதார் யார் என்று அவர் எழுதிய நூலில் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்: ஒரு காலத்தில் மாட்டிறைச்சி தின்ற பிராமணர் எப்போது, ஏன் விட்டார் என்று. கூனிக் குறுகவேண்டியது நாம் இல்லை என்றுதான் எனக்கு அதில் கேட்கிறது. மூத்த தோழர்கள் மறுக்கலாம், கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா என்ன செய்தது? அடுத்த சித்திரையில், களையெடுத்த காசைச் சேர்த்து வைத்து, சந்தைக்குப் போய், அறுத்த கறி காசு கொடுத்து வாங்கி வந்து அரிந்தது. புதுச்சட்டி வாங்கியது. அப்பா அந்த வருஷம் தொடவில்லை. அதற்கடுத்த மழையில் தொட்டார். ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை என்று அம்மா சொல்லும்.

மராத்தியில் ஷாஹு பாட்டோலே என்பவர் மராத்வாடா மகார், மாங் மக்களின் சமையலைத் தொகுத்து 2015இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 'அன்ன ஹே அபூர்ண ப்ரம்ம' என்று பேர். அன்னம் பூரண பிரம்மம் என்று அங்கே ஓதுவார்கள். இவர் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து அபூரணமாக்கிவிட்டார். அதில் சான்யா வருகிறது. வாராக அரிந்து உலர்த்திய மாட்டுக்கறி. நம்ம உப்புக்கண்டமேதான். அந்தப் புத்தகம் வந்த அதே 2015 மார்ச்சில்தான் மகாராஷ்டிரத்தில் காளை, எருது அறுப்பதற்கும் தடை வந்தது. கறியை வைத்திருந்தாலே குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. வெளிமாநிலத்தில் அறுத்த கறியை வைத்திருப்பதையும் குற்றமாக்கிய பிரிவை 2016 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2015 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்தில் தாத்ரி அருகே ஒரு வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பி, ஒரு முஸ்லிம் பெரியவரை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அதன்பிறகு கறியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தின்றுவிட்டால் தடயம் இல்லை, நாளைக்கு என்று எடுத்து வைத்தால் அது சாட்சி. ஒருத்தன் ஜாடி அவன் வம்சத்துப் பெருமைக்குச் சாட்சி. இன்னொருத்தன் சட்டி அவன் கழுத்துக்குச் சாட்சி.

பாட்டிலுக்கு வருகிறேன். அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறது. மாடியில் வடாம் காயலாம், மோர்மிளகாய் காயலாம். முதல் வருஷம் அம்மா கயிறு கட்டியபோது வீட்டுக்காரம்மா மேலே வந்து பார்த்துவிட்டுக் கீழே போய், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாலு பேர் வந்துபோற எடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதிலிருந்து சித்திரை வந்தால் அம்மா ஒரு வாரம் ஊருக்குப் போய்விடும். திரும்பி வரும்போது பையில் பாட்டில் இருக்கும். சட்டியிலிருந்து பாட்டிலுக்கு மாறிவிட்டோம்.

அதை நான் வங்கி மேசை இழுவறையில், பழைய வவுச்சர் கட்டுகளுக்குப் பின்னால் வைத்திருப்பேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தயிர்சோற்றுக்கு ஒரு துண்டு. ஒருநாள் சக ஊழியர் ஒருவர் பேனா தேடி இழுவறையைத் திறந்துவிட்டார். "என்ன சார் இது, வத்தலா?" என்றார். "ஆமா சார், மாங்கா வத்தல்" என்றேன். கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. இதுபோன்ற மேடைகளில் நின்று, எங்கள் சட்டி, எங்கள் அடுப்பு, எங்கள் உப்பு என்று கவிதை வாசிக்கிற அதே வாய். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். திட்டும் என்று நினைத்தேன். "மாங்கா வத்தல்னா சொன்ன?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்ளோ உப்புன்னு ஒனக்கு நான் சொல்லியே கொடுக்கலடா" என்றது. எவ்வளவு என்று கேட்டேன். "கைக்கு வர்ற உப்பு" என்றது. அந்த அளவை எந்தப் படியில் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சித்திரைக்கு நானும் ஊருக்குப் போனேன். ஒன்பது நாள் லீவு போட்டேன். என் துண்டங்கள் எல்லாம் சாண் நீளத்திலேயே அறுந்துபோயின.

அதில்தான் ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கிறேன். அந்த மேசை ஓரத்தில் இருக்கிறது பாருங்கள். கூட்டம் முடிந்ததும் தேநீரோடு எடுத்துக்கொள்ளலாம், தின்னப் பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னது அம்மா. மூடி இறுக்கமாக இருக்கும். தயவுசெய்து யாரும் ஈரக் கை வைக்க வேண்டாம்.